ஐம்பது சொற்கள் என்பதன் பொருள்

அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் ஐம்பதே சொற்களில் ஒரு புத்தகத்தை முடித்ததால், குழந்தைகளுக்கு எழுதுவது ஒரு பிற்பகல் வேலைதான் என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். எண்ணிக்கை சரி, அதிலிருந்து அவர் பெறும் முடிவு தவறு.

1960இல் வெளிவந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' நூலில் ஐம்பது வெவ்வேறு சொற்களே உள்ளன; ஆனால் அவை திரும்பத் திரும்ப வந்து நூற்றுக்கணக்கான சொற்கள் கொண்ட கதையாகின்றன. அந்த எல்லை, பதிப்பாளர் பென்னட் செர்ஃப் கட்டிய பந்தயத்தால் வந்தது (பந்தயப் பணம் கைக்கு வரவில்லை என்று சூஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்). ஐம்பதில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் ஓரசைச் சொற்கள் என்பதால், சந்தமும் எதுகையும் கெடாமல் கதையை நகர்த்த, எந்தச் சொல் எங்கே எத்தனை முறை வருகிறது என்று அட்டவணைகள் போட்டு அவர் கண்காணிக்க வேண்டியிருந்தது.

இதற்கு முந்தைய 'தி கேட் இன் தி ஹேட்' (1957) இன்னும் தெளிவான சான்று. தொடக்க வாசகர்களுக்கான சொற்பட்டியலைக் கொடுத்து, அதற்குள் நின்று எழுதுமாறு ஒரு கல்விப் பதிப்பாசிரியர் கேட்டுக்கொண்டதால் உருவான அந்நூலில் 236 வெவ்வேறு சொற்கள் உள்ளன; அதை முடிக்கப் பல மாதங்கள் ஆயின. அப்போது அவர் புதியவரும் அல்லர். முதல் குழந்தை நூல் 1937இலேயே, பல பதிப்பகங்கள் மறுத்த பிறகு, வெளிவந்திருந்தது.

மேலும், படங்களையும் அவரே வரைந்தார். வரையத் தெரியாத எழுத்தாளர் பெரும்பாலும் நூல் விற்பனையில் கிடைக்கும் உரிமைத்தொகையை ஓவியருடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், சூஸின் வருமானத்தைக் குழந்தை எழுத்தாளர்கள் எல்லோருக்கும் பொதுவான அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது.