அகாகியின் தளத்தில் வண்ண ஜெர்சிகள் இருக்கவில்லை

1942 ஏப்ரல் 5 காலை கொழும்பைத் தாக்க விமானங்களை அனுப்பிய யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் அகாகியின் ஓடுதளத்தைப் படமாக வரையும் தம்பிக்கு, "விமானந்தாங்கிக் கப்பல் என்றாலே தளத்தில் வேலை செய்பவர்களுக்கு மஞ்சள், பச்சை, ஊதா ஜெர்சிதான், எந்த நாடானாலும் ஒன்றுதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது தவறு. தம்பி, தயவுசெய்து அந்த வண்ணங்களைத் தொடாதீர்கள்.

வேலைக்கு ஒரு நிறம் என்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். அதுவும் இன்றைய பட்டியல் அன்றைய பட்டியல் அல்ல. இன்று எரிபொருள் நிரப்புவோருக்கு உரிய ஊதா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இல்லை. அப்போது அவர்கள் அணிந்தது சிவப்பு. யப்பானியக் கப்பல்களில் இந்த ஏற்பாடே கிடையாது. பேர்ள் துறைமுகத் தாக்குதலன்று ஷோகாகு என்ற யப்பானிய விமானந்தாங்கிக் கப்பலில் எடுத்த படங்களைப் பாருங்கள்: தளத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளை வேலை உடையில் இருக்கிறார்கள். புதுவெள்ளை பூசிவிடாதீர்கள், எண்ணெயும் கிரீஸும் பட்ட பருத்தித் துணி அது.

உடையை விடப் பெரிய பிழை ஒன்று உங்கள் முன்வரைவில் இருக்கிறது, அதை ஏனோ யாரும் சொல்லவில்லை. அகாகியின் கட்டளைக் கோபுரம் இடப்பக்கம். இன்னொரு யப்பானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹிர்யூவுக்கும் அப்படித்தான். நீங்கள் வலப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். பின்னணியில் உள்ள காகா கப்பலையும் எடுத்துவிடுங்கள். பாறையில் மோதிய சேதத்தைத் திருத்த அது யப்பானுக்குத் திரும்பியிருந்தது, இந்தப் பக்கம் வரவேயில்லை.

எதிர்த்தரப்பையும் வரைய எண்ணினால், கொழும்பு றேஸ்கோர்ஸ் (குதிரைப் பந்தயத் திடல்) விமான ஓடுபாதையிலிருந்து பிரித்தானியரின் ஹரிகேன் போர்விமானங்கள் எழும்பிய காட்சி காத்திருக்கிறது.