துப்பாக்கிகளை அடுக்கிவைத்துப் படம் போடுகிறவர்களுக்கு

சொந்தத் துப்பாக்கிகளை மேசையின்மேல் துணி விரித்து அடுக்கி, பக்கத்தில் தோட்டாக்களை நிறுத்திப் படமெடுத்து, ஸ்டேட்டஸாகவும் ரீல்ஸாகவும் போடும் பழக்கத்தை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு மேலே இடுக்கி ஏலமலையிலும் இப்போது அடிக்கடி காண்கிறேன். ஆயுத பூஜை வந்தால் சந்தனப் பொட்டு வைத்த இரட்டைக்குழல். பிறந்த நாள் வந்தால் தோளில் சாய்த்த ரைஃபிள். ஒன்றுமே இல்லாத நாளில், தாத்தா காலத்துத் துப்பாக்கியிலிருந்து புதிதாக வாங்கிய பிஸ்டல் வரை ஒரே சட்டகத்துக்குள் வரிசையாக. கீழே நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள். இந்தப் படங்களைப் போடுகிறவர்களில் சிலர் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள், ஊர்க் காரியங்களுக்கு முன்னால் நிற்பவர்கள். அவர்கள் மனம் வருந்தினாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்: இந்தப் படங்களைப் போடாதீர்கள்.

துப்பாக்கி வைத்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஏலக்காடு வைத்திருக்கிறவனுக்குக் காட்டுப்பன்றி என்றால் என்னவென்று தெரியும். ஓராண்டுக் காலம் நிழலும் தண்ணீரும் பார்த்துக் காப்பாற்றிய தட்டைகளை ஓரிரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும் பன்றிக் கூட்டத்தை நினைத்தால் எவருக்கும் வயிறு எரியும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பயிர்க்காவலுக்கென்று கரிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் வழங்கத் தனியாக இடம் வைத்திருக்கிறது. கேரள அரசு 2022 மே மாதத்தில், ஊருக்குள் இறங்கிப் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை ஊராட்சிகள் தயாரித்து, அவர்களைக் கொண்டே அந்த வேலையைச் செய்கின்றன. மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாடு இதைவிட இறுக்கமானது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை மட்டும், அதுவும் வனத்துறையினரே சுட வேண்டும். இரண்டில் எது சரி என்பது வேறு விவாதம். தோட்டத்தின் மூலையில் பூட்டிய பெட்டிக்குள் இருந்து, தேவைப்படும்போது வெளியே வந்து, வேலை முடிந்ததும் உள்ளே போகும் துப்பாக்கியோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சேகரிப்பவர்களின் ஆசையும் எனக்குப் புரியாதது அல்ல. குதிரைகள் (விசையை இழுத்தால் அடிக்கும் சுத்திகள்) வெளியே தெரியும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு பெரியவர் எனக்குக் காட்டியிருக்கிறார். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, சூடேற்றி, அடித்து அடித்துக் குழலாக்கியதில் மேற்பரப்பு முழுவதும் நீரோட்டம் போன்ற கோடுகள் ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். வால்நட் மரக் கட்டையின் இழை, விசைக்கு மேலே இருக்கும் தகட்டில் கையால் வெட்டிய இலைக்கொடி, குழலை மடக்கி மூடும்போது காற்றுக்கூடப் புகாதபடி பொருந்தும் நேர்த்தி, இவற்றையெல்லாம் அவர் விளக்கியபோது நேரம் போனது தெரியவில்லை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அந்தப் பழைய குழல் தாங்காது, ஆகவே அதில் தோட்டாவே போடக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். அவர் ஒரு நாளும் அதைப் படமெடுத்துப் போட்டதில்லை. கேட்டு வருகிறவருக்கு, உட்காரவைத்து, எடுத்துக் காட்டி, உடனே பூட்டிவைப்பார். கைவினையைப் போற்றுவதற்கு அதுவே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ரீல்ஸில் வரும் படங்களில் அந்த இலைக்கொடி தெரிவதில்லை, இழை தெரிவதில்லை. குழலின் வாய் மட்டும் தெரிகிறது, அதுவும் பெரும்பாலும் பார்ப்பவரை நோக்கி.

அந்தப் பார்ப்பவர் யார் என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். படத்தைப் போடுகிறவர் தன் நண்பர்களை மனத்தில் வைத்துப் போடுகிறார். ஆனால் அவருடைய எண்ணைத் தன் போனில் வைத்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் அவரிடம் வேலை செய்கிறவர்கள். விடியலுக்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறி, காய் எடுத்துக் களை பறித்து, பொழுது சாய்ந்தபின் இறங்கி வருகிற பெண்கள் அவர்கள். அப்படிப் போய்வரும் ஓர் அக்கா ஒரு முறை என்னிடம் சொன்னார்: "மொதலாளி மகன் ஸ்டேட்டஸ் பாத்தீகளாண்ணே? சும்மாதேன் வெச்சிருப்பாக. ஆனா பாக்கிக் கூலி கேக்கப் போய் நிக்கிறப்ப, அந்தப் படந்தேன் முன்னால வருது." அந்த முதலாளி அவரை ஒரு கடுஞ்சொல் சொன்னவர் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அந்தப் படம் அவர் சொல்ல நினைக்காத ஒன்றை, கேட்க விரும்பாத ஒருவரிடம் சொல்லிவிட்டது. துப்பாக்கி வைத்திருப்பவரின் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், துப்பாக்கி இல்லாதவர் அந்தப் படத்தை அளவெடுப்பது வேறு கோலால்.

இந்த மலைக்கு அது புதிதும் அல்ல. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே விட்டுப்போன பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செத்த விலங்கின்மேல் ஒரு கால், கையில் ரைஃபிள், பின்னால் பெயர் குறிப்பிடப்படாத கூலியாட்கள் வரிசை. அவர்கள் வரையாடுகளை வேட்டையாடிய, மூணாறு அருகிலுள்ள அதே இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாகி, வேட்டை நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. துப்பாக்கியோடு நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த நிலை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. விடுதலைக்குப் பின் அந்தத் தோட்டங்களில் பலவற்றை நம்மவர்கள் வாங்கினார்கள். கூடவே அந்த நிலையையும் வாங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்றைய படங்களின் நேரடி மாதிரி அமெரிக்காவிலிருந்து வருகிறது. உலகில் தனிமனிதர்களிடம் உள்ள துப்பாக்கிகள் சுமார் 85 கோடியே 70 லட்சம் என்றும், அதில் 39 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்களிடம் இருக்கின்றன என்றும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018-இல் மதிப்பிட்டது. அதாவது அந்நாட்டு மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். கப்ரியேலே காலிம்பெர்த்தி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் அப்படிப்பட்ட உரிமையாளர்களை, அவர்களுடைய வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் துப்பாக்கிகள் அனைத்தையும் சுற்றிலும் பரப்பிவைத்து எடுத்த படங்கள் 2021-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு பெற்றன. அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அவற்றில் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அதே 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கியை நான்கு நாட்களுக்கு முன்புதான் தந்தை வாங்கியிருந்தார். அவன் முதலில் செய்தது அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டதுதான். துப்பாக்கியை அவன் கைக்கு எட்டும்படி விட்டதற்காகத் தாயும் தந்தையும் 2024-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றார்கள். அந்தக் கொலைகள் நடந்த சில நாட்களுக்குள், டிசம்பர் 4 அன்று, அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் மாஸ்ஸி தன் குடும்பத்தினர் ஆளுக்கொரு பெரிய துப்பாக்கியுடன் கிறிஸ்துமஸ் மரத்தின் முன் சிரித்தபடி இருக்கும் படத்தைப் பொதுவெளியில் போட்டார். அது எவரையும் கொல்லவில்லை. ஆனால் நான்கு பிள்ளைகளைப் புதைத்த வீடுகளில் அந்தப் படம் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று ஒரு நொடி நினைத்திருந்தாலும் அதை அவர் போட்டிருக்க மாட்டார்.

எங்களுக்கு இது பாரம்பரியம் என்று பதில் சொல்கிறவர்கள் கர்நாடகத்தின் குடகை எடுத்துக்காட்டுவார்கள். அந்த எடுத்துக்காட்டை நான் மதிக்கிறேன். வெள்ளையர் காலத்திலிருந்தே குடகர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-இல் அதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. செப்டம்பரில் வரும் கைல்போத் திருநாளில் துப்பாக்கிகளைத் துடைத்து, விளக்குக்கு முன் வைத்து, நமது மாநில மலரான செங்காந்தளைக் குழலில் செருகி வழிபடுகிறார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வேட்டு, இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டு என்று ஊருக்கு அறிவிக்கும் வழக்கமும் அவர்களுக்கு இருந்துவருகிறது. ஆனால் கவனியுங்கள்: அங்கே நாள் உண்டு, இடம் உண்டு, பெரியவர்கள் உண்டு, எதற்காக எடுக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவு பதினொரு மணிக்குத் தனியறையில் பாட்டுப் போட்டுப் படமெடுத்து, முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆயுத பூஜையும் நமக்கு அப்படித்தான். பூஜையில் வைப்பது குடும்ப வழக்கம்; அதை உலகுக்குக் காட்டுவது வழிபாட்டின் பகுதி அன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே மலைகளில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஏழைக்கு நேர்வது வேறு. மலைக்கிராமங்களில் காவல்துறை ஒலிபெருக்கி வைத்து, உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று அறிவிக்கும்போது, அவற்றை இரவோடு இரவாக ஊர்ப் பொது இடத்தில் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் கூலிக்காரர்கள். நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த துப்பாக்கி அவர்களுக்கு அவமானத்தையும் வழக்கையும்தான் கொடுத்தது. அவர்களில் ஒருவர் துப்பாக்கியோடு ஸ்டேட்டஸ் வைத்தால் அதன் கீழே இதயக் குறிகள் விழுமா என்று கேட்டுப்பாருங்கள். சட்டத்தை மீறியவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஒரே பொருள் ஒருவர் கையில் பெருமையாகவும் இன்னொருவர் கையில் குற்றமாகவும் தெரிகிற ஊரில், பெருமையாகத் தெரிகிறவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சட்டமும் படம் போடுகிறவர்கள் நினைப்பதுபோல் இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடியவை மூன்று அல்ல, இரண்டே துப்பாக்கிகள். பாட்டன் சொத்தாக வந்தாலும் அதே கணக்கு. கூடுதலாக இருந்தவற்றை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். விழாக்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. பொது இடத்தில் துப்பாக்கியை ஏந்திக் காட்டுவதை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தடுக்கின்றன. பஞ்சாப் அரசு 2022 நவம்பரில் சமூக வலைத்தளங்கள் உட்படப் பொதுவெளியில் துப்பாக்கியைக் காட்டிக்கொள்வதையே தடைசெய்தது. இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டிய நிலை வரக் கூடாது என்று விரும்புகிறேன். 2022 மார்ச்சில் இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில், உணவுக்கடையில் தொடங்கிய ஒரு சாதாரண வாய்த்தகராறு துப்பாக்கியில் போய் முடிந்து ஓர் உயிர் போனதை இந்த மலையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிக் கோபத்தில் கை நீளும் தூரத்தில் ஆயுதம் இருக்கும் வீடு எது என்பதையும், ஆள் இல்லாத நேரத்தில் திருடுவதற்கு எங்கே என்ன இருக்கிறது என்பதையும் உங்கள் படம் ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறது.

உரிமம் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் இருக்கும் படங்களை, முதலில் குழந்தைகள் கையில் துப்பாக்கி கொடுத்து எடுத்தவற்றை, இன்றே நீக்கிவிடுங்கள். ஏர்கன்தானே என்று விடாதீர்கள். படத்தில் அது ஏர்கன் என்று எவருக்கும் தெரியாது. பழைய துப்பாக்கியின் வேலைப்பாட்டைப் பற்றி எழுத ஆசை இருந்தால் எழுதுங்கள், அந்தத் தகட்டையும் மரக்கட்டையையும் மட்டும் படமெடுத்துப் போடுங்கள், நானே முதலில் படிப்பேன். பயிர்க்காவல் உரிமம் புதுப்பிப்பதில் உள்ள தாமதம் பற்றியும், தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் பன்றிக்குக் காட்டைத் திறந்துவிட வேண்டியிருப்பது பற்றியும் எழுதுங்கள். அதில் நான் உங்கள் பக்கம். வருகிற ஆயுத பூஜைக்கு முன்பாகத் தோட்ட உரிமையாளர் சங்கங்கள் இதைத் தங்கள் கூட்டத்தில் ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்பதே என் கோரிக்கை. கூட்டத்துக்கு வேலையாட்கள் தரப்பிலிருந்தும் இரண்டு பேரை அழைத்து, அந்தப் படங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.