எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடைதான்

போன வருசம் இரண்டாம் தவணைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு இரவு. ஒரு பிள்ளைக்கு 46 போட்டேன். அடுத்த தாளுக்கும் 46. அதற்கடுத்ததுக்கும் 46. திரும்பப் பிரட்டிப் பார்த்தால், மூன்றிலும் ஒரு விடையைக்கூட நான் வாசித்திருக்கவில்லை. இத்தனை வருசப் படிப்பிப்பில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு இருந்தேன். அழுகைகூட வரவில்லை.

விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்புக் கல்லடியில் வெளிக்கிட்டு, வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்ப் படிப்பிக்க வேணும். பின்னேரம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு வகுப்பு. இரவில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமி. ஞாயிறு என்றால் ஓய்வுநாள் பாடசாலை. எல்லாத்தையும் ஆண்டவருக்கென்றே செய்தேன். அதனாலேயே "எனக்கு ஏலாது" என்று சொல்வது பாவம் மாதிரி இருந்தது.

சபையில் ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். "ஜெபம் குறைஞ்சிட்டு சிஸ்டர், உபவாசம் இருந்து பாருங்க" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் நான் ஒழுங்காகச் சாப்பிட்டே மூன்று நாள் ஆகியிருந்தது. களைப்போடு குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற ஒரு ஆள் வந்தா. கையில் துணி சுற்றிய ஒரு பெட்டி. திறந்தால் தேங்காய்ப்பூ ரொட்டி, அடியில் லேசாகக் கருகி, சூடு ஆறாமல். பக்கத்தில் கட்டைச்சம்பல். "எழும்புகா. முதல்ல தின்னு. ஜெபத்த நான் பண்றன்" என்றா. நான் தின்னும் வரைக்கும் வேறு கதையே இல்லை. மறுகா மாமிக்குப் பக்கத்தில் போய்க் கதிரையைப் போட்டு இருந்துகொண்டா. நான் நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

எழும்பித்தான் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஐத் திறந்தேன். எத்தனை தரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதிகாரம்! கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட அதே எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வனாந்தரத்துப் பற்றை அது. அதற்குக் கீழே போய் ஒருவர் படுக்கிறார் என்றால் எவ்வளவு களைத்திருக்க வேணும்.

தேவன் அவரை ஏசவில்லை. "விசுவாசம் எங்கே" என்று கேட்கவில்லை. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டுகிறான். தின்றுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." ஓரேப் மலையும் தேவன் பேசிய அந்த மெல்லிய சத்தமும் அதற்கு நாற்பது நாள் பிறகு. ஊழியத்தைப் பற்றிய கதையும் அங்கேதான் வருகிறது, எலிசாவைக் கூட்டாளியாகக் கொடுக்கிறதும் அங்கேதான்.

1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. ஒவ்வொரு தரமும் எழும்பி மற்றவர்களைத் தூக்கிவிட்ட ஊர் மட்டக்களப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தூக்கிவிட்ட ஆள் களைத்தால் என்ன செய்வது என்று நாம் இன்னும் சரியாகப் பழகவில்லை. பர்ன் அவுட் என்பது நீண்டநாள் வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே விளக்கியது. இதற்காக டொக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. நானும் போனேன்.

மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியே நியாயம் விசாரித்தபோது, மாமனார் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார், யாத்திராகமம் 18இல். தொய்ந்துபோவீர் என்று எச்சரித்து, ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். செய்தது தேவனுடைய வேலைதான், அப்படியிருந்தும்! அதை வாசித்த பிறகுதான் போதகரிடம் போய், ஓய்வுநாள் பாடசாலையை விட்டுத்தரக் கேட்டேன். நடுங்கிக்கொண்டுதான் கேட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓமென்றார்.

இப்ப அந்த வகுப்பை ஒரு தங்கச்சி எடுக்கிறா. நான் பின் வாங்கில் இருந்து பாட்டு மட்டும் பாடுகிறேன். முதல் நாளே அவவிடம் சொல்லிவிட்டேன்: ஏலாதெண்டா உடனே சொல்லு புள்ள, நான் வாறன்.