வின்டர் அகோனைட் விதையைக் காயவைத்து சேமிக்காதீர்கள்

“விதையைக் காயவைத்து எடுத்து வையுங்கள், அடுத்த வசந்தத்தில் விதைத்தால் அதே ஆண்டு பூக்கும்” என்ற அறிவுரை தவறு. குளிர்காலக் கடைசியில் மஞ்சளாகப் பூக்கும் சிறு கிழங்குச் செடியான வின்டர் அகோனைட்டின் விதை உலர உலர முளைப்புத்திறன் குறைந்துவிடும். இங்கிலாந்துத் தோட்டங்களில் மே மாத வாக்கில் நட்சத்திரம்போல் விரிந்த காய்கள் வெடிக்கும். அன்றே பறித்து, இலையுதிர் மரத்தடி மண்ணில் தூவி, மெல்லிய இலைமக்கு போர்த்துங்கள். குளிர்காலக் குளிர் பட்ட பிறகுதான் முளை வரும். முதல் ஆண்டு இரண்டே வித்திலைகள்தான் தெரியும், களை என்று பிடுங்கிவிடாதீர்கள்! பூக்க மூன்று, நான்கு ஆண்டுகளாவது ஆகும்.

அவசரமென்றால், பூ முடிந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தைப் பிரித்து, பழைய ஆழத்திலேயே நடலாம். கடையில் வாங்கும் காய்ந்த கிழங்குகள் பெரும்பாலும் ஏமாற்றும். வாங்கிவிட்டால் இரவு முழுக்க நீரில் ஊறவைத்து 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். செடி முழுவதும் நச்சு, கையுறை அவசியம்.