மாயா நகரங்களைக் கட்டியவர்கள் மாயாக்கள்தான்

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் மதத்தவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரவர் வேதம் அவரவர்க்கு. அந்த வேதத்துக்குச் சாட்சி சொல்ல, மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் பழங்குடிகளான மாயாக்களின் நகரங்களைக் கூண்டில் ஏற்றும்போதுதான் எரிச்சல் வருகிறது. அந்த நகரங்களைக் கட்டியது மார்மன் வேதத்தில் வரும் மக்கள்தான் என்று சொல்லும் வீடியோ ஒன்றை யூடியூபில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1830-ல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் மார்மன் புத்தகத்தை வெளியிட்டார். தேவதூதன் காட்டிய பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தேன் என்றார். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் கப்பலேறிய ஒரு குடும்பம் அமெரிக்காவில் கரையேறுகிறது. வாரிசுகள் நீஃபைட்டுகள், லேமனைட்டுகள் என்று பிரிந்து நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போடுகிறார்கள். கடைசியில் நீஃபைட்டுகள் அடியோடு அழிகிறார்கள். நூலின் கடைசிக் குறிப்பு கி.பி. 421. நடுவில் குதிரை, ரதம், எஃகு வாள், கோதுமை எல்லாம் வருகின்றன.

இதில் குவாத்தமாலா எங்கே வந்தது? 1841-ல் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் மத்திய அமெரிக்கப் பயண நூலை வெளியிட்டார். காட்டுக்குள் கிடந்த கல் நகரங்களை ஃபிரெடரிக் கேதர்வுட் படங்களாக வரைந்திருந்தார். அமெரிக்காவே வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டே, ஜோசப் ஸ்மித்தின் பெயர் ஆசிரியராகப் போடப்பட்டிருந்த மார்மன் பத்திரிகையில், குவாத்தமாலாவின் கிரிகுவா இடிபாடுகளை நீஃபைட்டுகளின் தலைநகரான சாரஹெம்லாவோடு சேர்த்துப் பேசி ஒரு கட்டுரை வந்தது.

அப்போது மாயா எழுத்தை வாசிக்க யாராலும் முடியவில்லை. கல் ஊமையாக இருந்தவரை யார் வேண்டுமானாலும் அதற்காகப் பேசலாம். 1950-களில் யூரி க்னோரோஸோவ், ஹைன்ரிக் பெர்லின், பிறகு தாத்தியானா புரோஸ்கூரியாகோஃப் என்று ஆய்வாளர்கள் பூட்டைத் திறக்கத் தொடங்கினார்கள். இன்று கிரிகுவாவின் கற்கள் சொல்வது இது: அந்த ஊரின் அரச மரபு தொடங்கியதே கி.பி. 426-ல். அங்கே மண்ணில் புதைந்த பகுதியையும் சேர்த்து 10 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல் தூணை 771-ல் நிறுத்தியவன் காக் திலிவ் சான் யோபாத். 738-ல் தன் மேலாதிக்க நகரமான கோபானின் அரசனைச் சிறைப்பிடித்துத் தலையை வாங்கியவனும் அவனே. மார்மன் புத்தகம் மூடப்பட்ட பிறகுதான் இந்த ஊரின் கதையே ஆரம்பிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த மனிதர் தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன். கலிஃபோர்னியா வழக்கறிஞர், தீவிர மார்மன். தோண்டினால் ஆதாரம் கிடைத்தே தீரும் என்று நம்பி 1952-ல் புதிய உலகத் தொல்லியல் அறக்கட்டளையைத் தொடங்கினார். திருச்சபையே பணம் கொடுத்தது. மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். மண்பாண்டம் கிடைத்தது, கல்லறைகள் கிடைத்தன. சியாப்பா டி கோர்சோவில் கிடைத்த கல்வெட்டுத் துண்டு ஒன்றில் இருக்கும் தேதியைக் கி.மு. 36 என்று கணிக்கிறார்கள். மாயாக்களும் அண்டை மக்களும் நாட்களை எண்ணிய நெடுங்கணக்கு என்ற நாள்காட்டி முறையில் கிடைத்த மிகப் பழைய தேதிகளில் ஒன்று. எல்லாம் முதல்தரத் தொல்லியல். ஆனால் அவர்கள் தோண்டி எடுத்தது அந்தப் பகுதிப் பழங்குடிகளான ஸோக்கே மக்களின் முன்னோர் வாழ்க்கையை. நீஃபைட்டு ஒருவர்கூட அகப்படவில்லை.

1967-ல் ஜோசப் ஸ்மித் வைத்திருந்த எகிப்தியப் பாப்பிரஸ் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து வெளிவந்தன. ஆபிரகாமின் எழுத்து என்று ஸ்மித் சொன்னவை, எகிப்திய ஈமச் சடங்கு நூல்கள் என்று அறிஞர்கள் வாசித்துச் சொன்னார்கள். ஃபெர்குசன் ஆடிப்போனார். 1975-ல் பயிர், விலங்கு, உலோகம், எழுத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து, எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று அவரே கட்டுரை எழுதினார். ஆனாலும் 1983-ல் சாகும்வரை அந்தச் சபையை விட்டு விலகவில்லை. ஊர், உறவு எல்லாம் அங்கேதானே? அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குதிரை விஷயத்துக்கு ஒரு குட்டிக்கதை இருக்கிறது. 1525-ல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸ் குவாத்தமாலாவின் பேத்தேன் இட்ஸா ஏரி வழியாகப் போகும்போது, காலில் அடிபட்ட ஒரு குதிரையை அங்கிருந்த மாயா அரசனிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்கு மலரும் கோழிக்கறியும் படைத்தார்களாம். பாவம், செத்துப்போனது. 1618-ல் இரண்டு பாதிரியார்கள் போய்ப் பார்த்தால், குதிரைக்குச் சிலை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோபத்தில் சிலையை உடைத்தே விட்டார். அமெரிக்காவின் பூர்வகுதிரை அழிந்து ஏறத்தாழ 10,000 ஆண்டு ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குதிரை பூட்டி ரதம் ஓட்டிய தேசத்தில் இப்படியா நடக்கும்? புத்தகம் சொல்லும் குதிரை உண்மையில் பன்றி போலிருக்கும் தாபிர் என்ற காட்டு விலங்காக இருக்கலாம் என்று வாதாடுகிற மார்மன் அறிஞர்கள் உண்டு. தாபிரை ரதத்தில் பூட்டிப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

அவர்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு நியாயம் உண்டு. கொலம்பஸுக்கு முன்பே அரிசோனாவில் ஒருவகை உள்ளூர் பார்லி பயிரானது உண்மை. சிமெண்ட் போன்ற காரை மெக்சிகோவில் இருந்ததும் உண்மை. ஆனால் அரிசோனா பார்லியை வைத்துக் குவாத்தமாலாவில் நகரம் கட்ட முடியாது.

என் ஆதங்கம் வேறு. அதே 1841 நூலில் ஸ்டீபன்ஸ் தெளிவாகவே எழுதியிருந்தார்: இந்த நகரங்களை எகிப்தியரோ வேறு யாரோ வந்து கட்டவில்லை, இந்த மண்ணின் மக்களும் அவர்கள் முன்னோருமே கட்டினார்கள் என்று. படத்தை எடுத்துக்கொண்டவர்கள் இந்த முடிவை விட்டுவிட்டார்கள். 'செவ்விந்தியர்களால் இதெல்லாம் முடியுமா' என்ற எண்ணம் அன்றைய அமெரிக்காவில் பரவலாக இருந்தது. மார்மன் புத்தகத்தின் முன்னுரையில்கூட அமெரிக்கப் பழங்குடிகளின் 'முதன்மை மூதாதையர்' லேமனைட்டுகள் என்று இருந்ததை, 'மூதாதையர்களில் அடங்குவர்' என்று 2007 வாக்கில்தான் தளர்த்தினார்கள். மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் இன்றும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். தாத்தா கட்டிய வீட்டுக்கு வேறு யாரோ பட்டா வாங்குவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

மார்மன்களைப் பார்த்துச் சிரிக்கிற நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. மயன்தான் மாயா, மெக்சிகோவின் மாயா நகரமான சீச்சேன் இட்ஸாவைக் கட்டியவன் தமிழன் என்று பகிர்கிறீர்களே, அதுவும் இதே பட்டா மோசடிதான். கமெண்டில் சண்டைக்கு வருவதென்றால் தாராளமாக வாருங்கள். வரும்போது ஒரே ஒரு மாயா அரசனின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். காக் திலிவ் செல்லாது, அதை நான் சொல்லிவிட்டேன்.