போனி ஆகாத ராஜா

(வில்லிவாக்கத்தில் ஒரு மளிகைக் கடை. வாசலில் காய்கறித் தட்டுகள், உள்ளே அண்ணாச்சி. சாயங்காலம் ஆறரை மணி. பிளஸ் டூ படிக்கும் கயல் ஒரு கையில் பையும் மறு கையில் புத்தகமுமாக வருகிறாள். வருகிற வேகத்தைப் பார்த்தால் நாளைக்குப் பரீட்சை என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும்.)

கயல்: அண்ணாச்சி, தக்காளி ஒரு கிலோ, கேரட் கால் கிலோ, அரைக்கீரை ஒரு கட்டு, ஆறாம் சார்லஸ், 1740...

அண்ணாச்சி: கடைசியில் சொன்னது என்னம்மா, மசாலாவா?

கயல்: வரலாறு அண்ணாச்சி. நாளைக்குப் பரீட்சை. வாயை மூடினால் மறந்துவிடும்.

அண்ணாச்சி: நீ கம்ப்யூட்டர் குரூப் இல்லையா?

கயல்: இல்லை. வரலாறு, புவியியல், பொருளாதாரம். ‘மார்க் வரவில்லையா’ என்று மட்டும் கேட்காதீர்கள். தெருவில் எல்லாரும் கேட்டாகிவிட்டது, இஸ்திரிக்காரர் உட்பட.

அண்ணாச்சி: நான் எதற்குக் கேட்கிறேன்? எனக்கு எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. சரி, யார் அந்தச் சார்லஸ்?

கயல்: வியன்னாவில் உட்கார்ந்து ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர். மகன் இல்லாவிட்டால் மகளுக்குத்தான் ராஜ்ஜியம் என்று 1713இலேயே எழுதி வைத்தார். அப்போது மகளே பிறக்கவில்லை.

அண்ணாச்சி: பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே உயிலா? விவரமான ஆள்.

கயல்: சும்மா எழுதவில்லை. ஒவ்வொரு நாடாகக் கேட்டுச் சம்மதமும் வாங்கி வைத்தார். 1740இல் கண்ணை மூடினார். மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் பக்கத்து நாடான பிரஷ்யாவின் ராஜா பிரெடரிக், மரியா தெரசாவின் சைலீசியா மாகாணத்துக்குள் படையோடு புகுந்துவிட்டார்.

அண்ணாச்சி: வருஷத் திவசம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லையா! எங்கள் ஊரிலும் இதே கதைதான் தாயி. பெரியப்பா கண்ணை மூடின மாசமே தென்னந்தோப்பு வேலி ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்துவிட்டது. யாரும் நகர்த்தவில்லையாம், காற்றாம்.

கயல்: இதில் பிரான்ஸ் ஒரு பக்கம் சேர்ந்தது, இங்கிலாந்து மறு பக்கம். ஐரோப்பாவில் அடித்துக்கொண்டவர்கள் இங்கேயும் அடித்துக்கொண்டார்கள். 1746இல் லா போர்டோனே என்ற பிரெஞ்சுக்காரர் கப்பல்களோடு வந்து நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார்.

அண்ணாச்சி: எது, தலைமைச் செயலகம் இருக்கிற கோட்டையா?

கயல்: அதேதான்.

அண்ணாச்சி: வியன்னாவில் பாகப்பிரிவினை, குண்டு விழுவது பாரிமுனையிலா?

கயல்: 1748இல் சமரசம் ஆயிற்று. பிரான்ஸ் மெட்ராஸைத் திருப்பிக் கொடுத்தது. இங்கிலாந்து, தான் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தது. அது கனடாவில் இருக்கிறது.

அண்ணாச்சி: (தராசில் தக்காளியை அப்படியே விட்டுவிட்டு) பண்டமாற்று! மெட்ராஸுக்கு ஈடு அந்த ஊரா? அங்கே என்ன சரக்கு?

கயல்: மீன். அப்புறம் பனி.

அண்ணாச்சி: மீன் இங்கே காசிமேட்டிலேயே இருக்கிறதே. பனி நமக்கு ஆகாது. ஆக, ஆளுக்கு ஒரு சரக்கைத் தூக்கினான், ஆளுக்கு ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டான். இடையில் அடிபட்டதற்குக் கழிவு உண்டா? இங்கே குடியிருந்தவர்களை யாராவது கேட்டார்களா?

கயல்: கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை.

அண்ணாச்சி: அந்தப் பெண்ணுக்குச் சைலீசியா திரும்பக் கிடைத்ததா?

கயல்: இல்லை. பிரெடரிக்கே வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி: அதானே. நகர்ந்த வேலி நகர்ந்ததுதான். அடுத்தது?

கயல்: பிரெஞ்சுப் புரட்சி. 1789 ஜூலை 14, பாரிஸில் ஜனங்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்த நாள். அன்றைக்குப் பதினாறாம் லூயி தன் டைரியில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார்.

அண்ணாச்சி: ஊரே பற்றி எரிகிறது, ஒன்றுமில்லையா?

கயல்: அது அவருடைய வேட்டைக் கணக்கு. அன்றைக்கு எதுவும் சிக்கவில்லை.

அண்ணாச்சி: அப்படிச் சொல். போனி ஆகவில்லை. அந்த மனுஷனைக் குற்றம் சொல்லாதே. 2015 வெள்ளத்தில் இந்தக் கடைக்குள் முழங்கால் தண்ணீர், அரிசி மூட்டை எல்லாம் மிதக்கிறது. என் நோட்டைப் புரட்டிப் பார், ‘வியாபாரம் இல்லை’ என்றுதான் இருக்கும். கணக்கு நோட்டில் கதை எழுதக் கூடாது. சரி, ஜனங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

கயல்: பல காரணம். அதற்கு முந்தைய வருஷம் விளைச்சல் கெட்டுப்போய் ரொட்டி விலை ஏறிவிட்டது. அக்டோபரில் பாரிஸ் சந்தைப் பெண்கள் கூட்டமாக வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போய், ராஜாவையும் ராணியையும் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

(அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து, வாசல் பலகையில் வெங்காய விலையைத் துணியால் துடைத்து, ஐந்து ரூபாய் குறைத்து எழுதிவிட்டு வந்து உட்காருகிறார். வரலாறு படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.)

கயல்: கடைசியாக வெர்சாய் உடன்படிக்கை. அதே அரண்மனை, 1919. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி நஷ்டஈடு கட்ட வேண்டும். 1921இல் தொகை முடிவாயிற்று, 13,200 கோடி தங்க மார்க்.

அண்ணாச்சி: கட்டினார்களா?

கயல்: ஒரு பகுதிதான். அதையும் கட்டுவதற்கு வெளியில் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் பத்திரங்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3ஆம் தேதிதான் தீர்ந்தது.

அண்ணாச்சி: (எழுந்து நின்று) 2010ஆ? நான் கடை போட்டதற்கு அப்புறமா? நடுவில் ஹிட்லர் வந்து, இன்னொரு சண்டை போட்டு, நாடு இரண்டாகி மறுபடி ஒன்றாகி... அத்தனைக்கும் நோட்டைக் கிழிக்காமல் வைத்திருந்து வசூல் பண்ணியிருக்கிறார்கள். இதுதான் வியாபாரம்!

(டிராயரைத் திறக்கிறார். ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு வெளியே வருகிறது. மஞ்சள்தூள் படிந்த ஒரு பக்கம் தானாகவே விரிகிறது. நிறைய தடவை திறந்த பக்கம் போல.)

கயல்: புவியியல் பார்க்கலாமா அண்ணாச்சி? வான் தூனன், 1826. ஜெர்மனியில் சொந்தமாகப் பண்ணை வைத்திருந்தவர், எதை எங்கே பயிரிட்டால் கட்டும் என்று கணக்குப் போட்டவர். நடுவில் ஒரு நகரம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாக நிலம். முதல் வட்டத்தில் காய்கறி, பால். இரண்டாவதுதான் எப்போதும் மறந்துபோகிறது.

அண்ணாச்சி: அந்தக் காலத்தில் அடுப்பு எரித்தது எதில்?

கயல்: விறகு... ஆமாம், காடு!

அண்ணாச்சி: விறகு கனம், விலையோ கம்மி. தூரத்திலிருந்து ஏற்றி வந்தால் வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விடும். தானியம் தாங்கும், அதைத் தள்ளிப் போடலாம்.

கயல்: மூன்றாவது தானியமேதான்! கடைசியில் ஆடு, மாடு.

அண்ணாச்சி: அது தானே நடந்து வந்துவிடும், வண்டியே வேண்டாம். கோயம்பேட்டில் விடியற்காலை லோடு இறக்குகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்களே.

கயல்: உங்கள் கீரை எங்கிருந்து வருகிறது?

அண்ணாச்சி: செங்குன்றம் பக்கம்.

கயல்: முதல் வட்டம். வண்டி வாடகை குறைவு. அப்புறம் ஏன் கட்டு இருபத்தைந்து ரூபாய்?

அண்ணாச்சி: உங்கள் தூனன் ரெட்டேரி சிக்னலில் நின்றிருக்கிறாரா?

கயல்: நிலம் தட்டையாக இருக்கிறது, ஆறு இல்லை, மலை இல்லை என்று வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி: டிராஃபிக்கும் இல்லை என்று வைத்துக்கொண்டார். இருபத்தைந்துதான். கொத்தமல்லி கொசுறு போடுகிறேன், பேசாமல் அடுத்ததைப் படி.

கயல்: ராவென்ஸ்டைன், 1885. இடப்பெயர்ச்சி விதிகள். பெரும்பாலோர் கிட்டத்து ஊருக்குத்தான் போவார்கள். தூரம் போகிறவர்கள் பெரிய வியாபார நகரத்துக்குப் போவார்கள். அதுவும் படிப்படியாக.

அண்ணாச்சி: அவருக்கு எங்கள் சித்தப்பாவைத் தெரியுமா? சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து மதுரை, அப்புறம்தான் இங்கே. அவர் பின்னால் நான், என் பின்னால் மச்சான். இப்போது கடைப் பையன் மட்டும் ஊரிலிருந்து கிடைப்பதில்லை, பீகாரிலிருந்து வருகிறான்.

கயல்: கிட்டத்து ஊர்களுக்கு இடம்பெயர்வதில் பெண்கள்தான் அதிகம் என்றும் சொல்லியிருக்கிறார். அது அவர் பார்த்த இங்கிலாந்துக் கணக்கு. நம் ஊரில் அதற்குக் கல்யாணம்தான் பெரிய காரணம் என்று மிஸ் சொன்னார்கள்.

அண்ணாச்சி: மிஸ் எந்த ஊர்?

கயல்: செங்கல்பட்டு. கல்யாணமாகி இங்கே வந்தவர்கள். இன்னொரு விதி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிர் ஓட்டம் உண்டு.

அண்ணாச்சி: பொங்கலுக்குக் கிளாம்பாக்கம் போய்ப் பார். எதிர் ஓட்டம் நிற்க இடம் இருக்காது.

கயல்: அது சேராது அண்ணாச்சி. அவர்கள் நாலு நாளில் திரும்பிவிடுவார்கள். எதிர் ஓட்டம் என்றால் போனவர்கள் அங்கேயே தங்கிவிட வேண்டும்.

அண்ணாச்சி: (நோட்டின் மஞ்சள் பக்கத்தைத் தட்டி) அப்படியானால் உங்கள் அப்பாதான் சரியான உதாரணம். கணக்கு ஏறுகிற வரைக்கும் தினமும் இந்தக் கடைப் பக்கம் ஓட்டம். ஒரு நாள் பாக்கியைக் கேட்டேன், எதிர்ப் பக்க நடைபாதைக்கு மாறினார். மூன்று மாசமாக அங்கேயே தங்கிவிட்டார்.

கயல்: இதைப் பரீட்சையில் எழுதலாமா?

அண்ணாச்சி: தாராளமாக எழுது. பெயர் வேண்டாம், தொகையை மட்டும் போடு. 2,340 ரூபாய். பேப்பர் திருத்துகிறவர் யாராவது இரக்கப்பட்டுக் கட்டினாலும் கட்டுவார்.