எஞ்சின் திணறினால் மிக்ஸ்சரைப் பாருங்கள், பர்ஸைத் திறக்காதீர்கள்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் பிரியர்களிடம், "இதெல்லாம் இல்லாமல் சிமுலேட்டரே ஓட்டாதீர்கள்" என்று பதினைந்து யுட்டிலிட்டி, அதாவது துணை சாப்ட்வேர், பெயர்களை அடுக்கும் வீடியோவைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அதை நம்பி ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் காசு கட்டுகிறார்கள். டாலரில் ஒரு விலை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கும் மேல் கார்டில் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம். எல்லாம் கட்டி இன்ஸ்டால் செய்த பிறகும் விமானம் பழையபடி திணறுகிறது, படம் பழையபடி துள்ளுகிறது. வலி ஒரு பக்கம், மருந்து இன்னொரு பக்கம் என்றால் எப்படிக் குணமாகும்?

எஞ்சின் திணறலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் கிளம்பி, செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை மேட்டுப்பாளையம் வழியாக மலைப்பாதைக்கு மேல் கொண்டுவருகிறார்கள். பர்லியார் தாண்டிக் குன்னூரை நெருங்க நெருங்க எஞ்சின் கரகரக்கிறது, அது சுழலும் வேகமான ஆர்பிஎம் இறங்குகிறது. மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, விமானம் தூக்குவிசை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் அலறுகிறது. உடனே "சிம்மில் ஏதோ பக், அதைச் சரிசெய்ய ஒரு சாப்ட்வேர் இருக்கிறதாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஐயா, எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையை மாற்ற மிக்ஸ்சர் என்று சிவப்பாக ஒரு குமிழ் இருக்கிறதே, அதைத் தொட்டீர்களா?

கோவை விமான நிலையம் 1,324 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். காற்று குறைந்துவிட்டது, பெட்ரோல் மட்டும் கீழே இருந்த அளவிலேயே போகிறது என்றால் எஞ்சின் மூச்சு முட்டத்தான் செய்யும். 3,000 அடி தாண்டியதும் குமிழை மெல்ல வெளியே இழுங்கள். ஆர்பிஎம் ஏறும், ஓர் உச்சம் தொட்டுத் திரும்ப இறங்கத் தொடங்கும். அந்த இடத்தில் ஒரு பொடி அளவு உள்ளே தள்ளி நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். இதில் மனம் போகவில்லை என்றால் எம்எஸ்எஃப்எஸ்ஸில், அதாவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில், அசிஸ்டன்ஸ் பக்கத்தில் ஆட்டோ மிக்ஸ்சர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

அப்படியும் ஏறவில்லை என்றால் குற்றம் மலையுடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் 6,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். 75 நாட் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 500 அடி ஏறியாக வேண்டும். முழு எடையில் 8,000 அடியில் செஸ்னா 172-க்கு நிமிடத்துக்கு 400 அடிகூடத் தேறாது. தொட்டபெட்டா 8,652 அடி. ஆகவே சமவெளியிலேயே வட்டமடித்து 9,500 அடி பிடித்துவிட்டு மலைக்குள் நுழையுங்கள். நிஜ விமானியும் இதைத்தான் செய்வார். இதை ஒரு வரியில் சொல்லாமல் சாப்ட்வேர் விற்கிறார்களே, அதுதான் ஆத்திரம்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். விமானம் தானாக ஒரு பக்கம் சாய்கிறது, த்ராட்டில் தானாக நடுங்குகிறது என்றதும் காசு கொடுத்து கேலிபரேஷன் யுட்டிலிட்டி வாங்குகிறார்கள். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்குகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாகப் பொட், அதாவது ரேடியோவில் வால்யூம் திருகுகிறோமே அதே சாமான். ஜூனிலிருந்து டிசம்பர் வரை சுவரே வியர்க்கும் ஊர் இது. அந்த ஈரத்தில் உள்ளே இருக்கும் தடத்தில் அழுக்கும் களிம்பும் படிந்துவிடும். சிம்மை மூடிவிட்டு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துங்கள். திரையில் அந்தக் கூட்டல்குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஏதோ ஓரிடத்தில் வெட்டுக்கிளி மாதிரி தாவினால் பொட் போய்விட்டது என்று அர்த்தம். மூடியைக் கழற்றி, எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு பீச்சு அடித்து, இருபது முப்பது தடவை முழுத்தூரம் ஆட்டி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அதன் பிறகும் தாவினால் பொட்டை மாற்றுங்கள், இல்லையேல் உரசாமல் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் உள்ள ஸ்டிக்குக்குக் காசைச் சேருங்கள். தாவும் சிக்னலை எந்த சாப்ட்வேராலும் சுத்தப்படுத்த முடியாது. டெட்சோனை, அதாவது ஸ்டிக் லேசாக அசைந்தால் சிம் கண்டுகொள்ளாத பகுதியை, அகலமாக்கி மறைக்கும், அவ்வளவுதான். டெட்சோனும் சென்சிட்டிவிட்டி வளைவும் சிம்மிலேயே இலவசமாக இருக்கின்றன.

பறந்துகொண்டிருக்கும்போதே ஸ்டிக் செத்துப்போய், பிடுங்கிச் சொருகினால் உயிர் வருகிறதா? விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் மின்சேமிப்பு டிக்கை எடுங்கள். இதற்கும் "யுஎஸ்பி பூஸ்டர்" விற்கிறார்கள். மனசாட்சி வேண்டாமா?

எல்லாவற்றையும்விடக் கேடு ரேம் கிளீனர் வகையறா. விண்டோஸ் காலியாக இருக்கும் ரேமைச் சும்மா விடாது. அடுத்து தேவைப்படும் என்று ஃபைல்களை அதில் வைத்திருக்கும். கிளீனர் வந்து அதையெல்லாம் அள்ளி வெளியே கொட்டி "4 ஜிபி மீட்டோம்" என்று பச்சை எழுத்தில் காட்டும். சிம் அதே ஃபைல்களைத் திரும்ப டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும், அந்த நொடியில்தான் படம் நின்று நகர்கிறது. துள்ளலை உண்டாக்குவதே அதுதான். காசு கொடுத்து வாங்கிய நோய்.

நிஜமாகவே எங்கே அடைக்கிறது என்று தெரிய வேண்டுமா? சிம்மின் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடைப் போட்டு, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் எஃப்பிஎஸ் பெட்டியைத் திறங்கள். மெயின் த்ரெட் என்று காட்டினால் பிராசஸர் திணறுகிறது. நிலக்காட்சி எவ்வளவு நுணுக்கமாக வர வேண்டும் என்று சொல்லும் டெரெய்ன் எல்ஓடியை 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள், டிராஃபிக்கைக் குறையுங்கள். ஜிபியு என்று காட்டினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. மேகத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள், படத்தின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் ரெண்டர் ஸ்கேலைக் குறையுங்கள். எல்ஓடியை உயரத்துக்குத் தக்கபடி தானாக ஏற்றி இறக்க ஆட்டோஎஃப்பிஎஸ் இருக்கிறது, இலவசம்.

மலைகள் களிமண் உருண்டை மாதிரி வந்தால் அது நெட். 2024 பதிப்பு காட்சியை ஓடஓட இறக்குகிறது, 50 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறார்கள். மரம் விழுந்து கேபிள் அறுந்த அன்று எந்த பூஸ்டரும் உதவாது. இறக்கிய காட்சியை டிஸ்க்கில் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை எஸ்எஸ்டியில் 32 ஜிபியாவது வையுங்கள், நெட் நன்றாக இருக்கும் இரவில் அதே வழியில் ஒருமுறை மெதுவாகப் பறந்து வையுங்கள். 2020 பதிப்பில் மேனுவல் கேஷ் உண்டு, மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை கட்டம் கட்டி இறக்கிவிடலாம். மின்சாரம் பட்டென்று போய் வந்த பிறகு துள்ளல் தொடங்கினால் ரோலிங் கேஷை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். 600 விஏ யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது ஏறக்குறைய 360 வாட் தான், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு பாய்ந்த நொடியில் படுத்துவிடும்.

நிஜ வானிலையைச் சிம்முக்குள் கொண்டுவருவதாகச் சொல்லி வெதர் எஞ்சின் விற்பவர்களுக்கும் ஒரு கேள்வி. விமான நிலைய வானிலை அறிக்கை நமக்குக் கிடைப்பது கோவையிலிருந்து. ஊட்டியில் விமான நிலையமே இல்லை. குன்னூரில் மதியம் மூன்று மணிக்கு எதிர்வீடு மறையும் மூடுபனி அந்த அறிக்கையில் எப்படி வரும்? பல கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்குப் போடும் முன்கணிப்பிலும் ஒரு பள்ளத்தாக்குப் பனி அகப்படாது. கஸ்டம் வெதரில் 5,500 அடியில் அடியும் 7,500 அடியில் தலையுமாக ஓர் அடர்ந்த மேக அடுக்கை நீங்களே போடுங்கள். லாம்ஸ் ராக் பக்கம் பனி ஏறுகிற மாதிரியே இருக்கும்.

எல்லாமே தண்டம் என்று நான் சொல்லவில்லை. கண்டம்விட்டுக் கண்டம் ஏர்லைனர் ஓட்டுகிறவர், வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் நேரடிக் கன்ட்ரோலரோடு பேசிப் பறக்கிறவர், வான்வழித் தரவும் வரைபடமும் தரும் நேவிகிராஃப் சந்தா வாங்கட்டும். ஏர்ராக் எனப்படும் அந்த வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, கன்ட்ரோலர் சொல்லும் வழிப்புள்ளி உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் அவமானம். மலையைக் கண்ணால் பார்த்துப் பறக்கிறவருக்கு அது எதற்கு? வரைபடத்தில் வழி பார்க்க லிட்டில் நாவ்மேப் இலவசம், அது போதும். எஃப்எஸ்யுஐபிசி-யும் அப்படித்தான். வேறு புரோகிராம்கள் சிம்மோடு பேசுவதற்கு அதன் இலவசப் பதிப்பே போதும், நாலைந்து கருவிகளை விமானத்துக்கு விமானம் வேறு வேறாக அமைப்பவருக்கு மட்டும் லைசன்ஸ். ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டில் சொந்தமாகப் பட்டன் பெட்டி செய்கிறவருக்கு மோபிஃப்ளைட் இலவசம்.

மலையில் பறப்பவருக்கு முதலில் போடச் சொல்வது ஓபன்ட்ராக். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், சாதாரண வெப்கேமே போதும், இதுவும் இலவசம். பள்ளத்தாக்குக்குள் திரும்பும்போது இறக்கைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிவதுதான் உயிர். ஒன்று மட்டும் கவனியுங்கள். மூடுபனி இறங்கி அறை இருண்டால் கேமரா தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காட்சி வெட்டி வெட்டி நகரும். முகத்தில் படும்படி ஒரு மேஜை விளக்கு வையுங்கள்.

அப்டேட் வந்த மறுநாள் சிம் திறக்கும்போதே விழுகிறதா? ரிப்பேர் டூல் வாங்காதீர்கள். நாம் சேர்த்த ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுச் சிம்மைத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி அதற்குள் இருக்கிறான். பாதியைத் திரும்பப் போடுங்கள், விழுந்தால் அந்தப் பாதியில் பாதி. நாற்பது ஆட்-ஆன் இருந்தாலும் ஆறு தடவைக்குள் பிடித்துவிடலாம். அப்படிப் பிடிபடுவது பெரும்பாலும், ஒரு வருடமாக யாரும் திறந்தே பார்க்காத, "கட்டாயம் வேண்டும்" என்று யாரோ சொன்னதால் போட்ட ஏதோ ஒன்று.